பூவரச இலைக்கு உப்புப் போட்ட வகுப்பு

எனக்குப் படம் வரைய வராது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. நான் யானை வரைந்தால் அம்மிக்கல் போல இருக்கும். அம்மிக்கல் வரைந்தால் எது போலவும் இருக்காது. அப்படிப்பட்ட என்னை ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகப் போட்டிருந்தார்கள். அதுவும் முழுசாகப் போடவில்லை. பிரசவத்துக்குப் போன பழைய டீச்சர் திரும்பி வரவில்லை என்பதால் அந்த இடத்தில் என்னைச் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா வந்து என் பாடத்தைப் பார்த்து, சரி என்று சொன்னால் வேலை எனக்கு. சரியில்லை என்று சொன்னால் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மூட்டையைக் கட்டி எங்கே போவது என்பதில் சந்தேகமே இல்லை. பேரணாம்பட்டில் என் அக்கா வீடு. அப்பா அம்மா இரண்டு பேரும் காலமான பிறகு எனக்கென்று இருந்த ஒரே வீடு அதுதான். அக்கா தங்கமானவள். ஆனால் அவளுக்கு ஐந்து பிள்ளைகள், ஆறாவது வயிற்றில். அவள் புருஷன், எங்கள் மாமா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "நீ எதுக்கும்மா ஊர்ப் புள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி வுட்டுக்கினு இருக்க? நம்ம வூட்லயே அஞ்சு மூக்கு இருக்குது."

அவர் வீட்டு மூக்குகளுக்குச் சம்பளம் கிடையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். ஒரு தடவை அந்த வீட்டுக்குள் போய்விட்டால் நான் வெளியே வர முடியாது. என்னை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்கக்கூட அவர்களுக்கு ஞாபகம் வராது, அவ்வளவு வேலை அங்கே. எனக்கோ அந்தக் கரும்பலகை வேண்டும், சாக்பீஸ் வேண்டும், "டீச்சர் டீச்சர்" என்று உயிரை வாங்கும் அந்தப் பெண்கள் வேண்டும். அதற்காக இமயமலையையே வரையச் சொன்னாலும் வரைகிறேன் என்று இருந்தேன்.

இமயமலையை யாரும் கேட்கவில்லை. இலையைத்தான் கேட்டார்கள்.

பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க. உன் வகுப்புல இயற்கைப் பாடம் பார்ப்பாங்களாம். போர்டுல இலை வரைஞ்சு, அதோட பாகத்துக்கெல்லாம் பேர் சொல்லிக் குடு. ஒவ்வொரு பொண்ணு கையிலயும் நிஜ இலை இருக்கணும். வெறும் படத்தைக் காட்டி ஏமாத்துனா அவங்களுக்குப் பிடிக்காது."

என் படத்தைக் காட்டி யாரையும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

எந்த இலை என்பதில் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் ஆடு எட்டாத உயரத்தில் இலை வைத்திருக்கிற மரம் பூவரசு ஒன்றுதான். மற்றதெல்லாம் முளைக்கும்போதே ஒரு ஆட்டின் வாய்க்குள் இருக்கும். ஆடுகளுக்கும் குறைச்சல் இல்லை. பூவரச இலை அகலமாகவும் இருக்கும், வரைய இடம் கிடைக்கும், பெண்களுக்கும் பழக்கம். சுருட்டிப் பீப்பீ ஊதாத பெண் என் வகுப்பில் ஒருத்திகூடக் கிடையாது.

வியாழக்கிழமை காலையில் போர்டின் முன்னால் போய் நின்றேன். மேலே காம்பு. காம்புக்கு இரண்டு பக்கமும் உருண்டையாக இலை இறங்க வேண்டும், கீழே போய்க் கூர்மையாக முடிய வேண்டும். இவ்வளவுதான் பூவரச இலை. இடது பக்கம் இறக்கும்போது சாக்பீஸ் உடைந்து கை கொஞ்சம் வெளியே போய்விட்டது. சரி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வலது பக்கத்தையும் வெளியே இழுத்தேன். அப்போது இடது பக்கம் கம்மியாகத் தெரிந்தது, அதை இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நடுவில் ஒரு நரம்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளை நரம்புகள். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். வகுப்பு அப்படியே அமைதியாக இருந்தது. பாராட்டு என்று நினைத்துவிட்டேன், பாழாய்ப் போன மனசு.

முன்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு வாய் மூடாது. பல் இல்லாததால் மூட முடியவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவள் எழுந்து நின்று, "டீச்சர், ஆட்டுத் தோலு நல்லா போட்டிருக்கறீங்க" என்றாள்.

"இன்னா தோலு? இது இலைடீ."

"இல்ல டீச்சர். இதோ பாருங்க, ரெண்டு பக்கமும் நீட்டிக்கினு இருக்குதே, அது பின்னங்காலு. நடுவுல இருக்கறது வாலு. கீழ ஒடுங்குதே, அது கழுத்து. எங்க நைனா இப்டித்தான் விரிச்சுக் காயப் போடும்."

வகுப்பே ஆமாம் என்றது. திரும்பிப் போர்டைப் பார்த்தேன். ஆமாம்தான். அசல் ஆட்டுத் தோல். கழுத்துப் பக்கம் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் போல இருந்தது.

என் வகுப்புப் பெண்களின் வீட்டில் அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லோருக்கும் தோல் ஷாப்பில்தான் வேலை. பதனிடுகிற தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். ஒருவர் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப் போடுவார், ஒருவர் மயிர் சுரண்டுவார், ஒருவர் ஆவாரம் பட்டைத் தண்ணீரில் மிதிப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் வருவதை மூக்கே சொல்லிவிடும். அந்தக் குழந்தைகளுக்கு விரித்து வைத்த எந்தப் பொருளும் தோல்தான். பாயை விரித்தால்கூடக் கழுத்து எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள்.

"அது வால் இல்ல, காம்பு" என்று அதட்டினேன்.

"சரி டீச்சர். காம்பு" என்றார்கள் கோரஸாக. அடுத்த நிமிஷம் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "காம்புன்னா வாலுடீ" என்று விளக்கம் சொன்னாள்.

நடு நரம்பு என்றேன். முதுகெலும்பு என்றார்கள். விளிம்பு என்றேன். தோலில் ஓரத்தில் வருவது வயிறு, ஆகவே விளிம்பு வயிறு ஆயிற்று. நுனி, கழுத்து. மேற்புறம், மயிர்ப் பக்கம். அடிப்புறம், சதைப் பக்கம். கடைசி வரிசையில் இருந்த ஒரு முஸ்லிம் பெண் காம்புக்கு "தும்" என்றாள். அவர்கள் வீட்டு உருதுவில் அதற்கும் வால் என்றுதான் அர்த்தம். தமிழ், உருது, தெலுங்கு என்று மூன்று மொழி பேசுகிற ஊரில் ஒரு மொழியில்கூடக் காம்பு காம்பாக இருக்கவில்லை.

கோபம் மூக்குக்கு மேலே வந்தது, ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும் இந்தக் கழுதைகளுக்கு, இலையின் பாகங்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் மனப்பாடம். எதைத் தொட்டுக் கேட்டாலும் தப்பில்லாமல் பதில் வந்தது. எப்படி ஞாபகம் வைத்தால் என்ன, நாளைக்கு வாயிலிருந்து காம்பு என்று வந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம் விடும்போது கட்டளை போட்டேன். "எல்லாரும் இன்னைக்கு சாயந்திரமே ஆளுக்கு ஒரு பூவரச இலை பறிச்சு வெச்சிக்கணும். காலையில மரத்துல ஏறிக்கினு லேட்டா வர்ற வேலை வேணாம். ராத்திரி பூரா கெட்டுப் போகாம பத்திரமா வெச்சிருந்து எடுத்தாரணும். எவளாவது வீணாப் போன இலையோட வந்தா தோலை உரிச்சிடுவேன்."

வேறு எந்த ஊரிலும் இந்த மிரட்டலுக்குப் பிள்ளைகள் பயப்படுவார்கள். இங்கே ஒருத்தி, "உரிக்கறதுக்கு வேற ஆளு டீச்சர், எங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டியிலிருந்து மாமா இறங்கினார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. பேரணாம்பட்டில் ஒரு ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது கழிசல் என்று சொல்லுவார். அவர் சொன்னால் சொன்னதுதான், முதலாளிகூட மறுக்க மாட்டார். அந்தப் பழக்கத்தில் மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பார், தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை.

"இன்னைக்கு எதுக்கு மாமா வந்தீங்க?"

"இன்ஸ்பெக்டரம்மா எப்டியும் உன்னைக் கழிச்சிடுவாங்க. நீ அவ்ளோ தூரம் நடக்க வேணாமேன்னு வண்டி கட்டிக்கினு வந்தேன். மெத்தைகூடப் போட்டிருக்கறேன் பாரு."

மெத்தையைப் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வகுப்புக்குப் போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்து ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கூத்துப் பார்க்க வந்தவர் போல வெற்றிலைப் பையை வேறு எடுத்து வைத்துக்கொண்டார்.

"இலையெல்லாம் எடுத்து முன்னால வையுங்க" என்றேன்.

பெண்கள் பயபக்தியோடு துணி முடிச்சையும் பாவாடை மடிப்பையும் அவிழ்த்தார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. ஒருத்தி எதிரில் கறுப்பாக, ஈரமாக, வதக்கின கீரை போல ஏதோ கிடந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கும் அதே. அடுத்தவளுடையதிலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையில் ஓடியது.

"இன்னாடீ இது?"

"இலை டீச்சர்."

"இலைக்கு இன்னா ஆச்சு?"

"கெட்டுப் போவக் கூடாதுன்னு சொன்னீங்களே டீச்சர். உப்புப் போட்டு வெச்சோம்."

பெருமையாகச் சொன்னாள். எங்கள் ஊரில் உரித்த தோல் வந்து இறங்கியதும் முதல் வேலை உப்பைத் தேய்த்து மடித்து வைப்பதுதான். இல்லாவிட்டால் விடிவதற்குள் நாறிவிடும். டீச்சர் ஒரு பொருளை ராத்திரி பூரா கெடாமல் வைக்கச் சொன்னால் ஆம்பூர்ப் பெண்கள் வேறு என்ன செய்வார்கள். வீட்டு உப்பு ஜாடி காலியானதற்கு எத்தனை பேர் அடி வாங்கினார்களோ தெரியாது. ஒருத்தி இன்னும் சிரத்தை எடுத்து, இலையில் பூனைமயிர் போல ஏதோ இருந்ததாகச் சொல்லிச் சுண்ணாம்பில் ஊற வைத்திருந்தாள். அது கையில் எடுத்தபோதே இரண்டாகப் போய்விட்டது. இன்னொருத்தி பலகையில் விரித்து நாலு பக்கமும் முள் அடித்துக் கொண்டுவந்திருந்தாள். பலகையோடு.

அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. எந்த இலையிலும் காம்பு இல்லை.

"காம்பு எங்கடீ?"

"வாலு வேஸ்ட் தானே டீச்சர்" என்றாள் கடைசி வரிசைப் பெண், எனக்காகப் பரிதாபப்பட்டு. "அதை முதல்லயே வெட்டிப் போட்டுடுவாங்க."

ஜன்னலில் மாமாவின் தலை தெரிந்தது. பலகைப் பெண்ணின் இலையை எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, சுத்தமா வெட்டியிருக்கறாங்க" என்றார். அவருக்கு வாயெல்லாம் பல். இனி மரத்துக்கு ஓடி இலை பறிக்கவும் நேரமில்லை, பெரிய டீச்சரின் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டுவிட்டது.

இன்ஸ்பெக்டரம்மா உள்ளே வந்தார். வெள்ளைக்கார அம்மா. உயரமாக, வெயிலுக்குத் தொப்பி வைத்துக்கொண்டு இருந்தார். தமிழைப் புத்தகத்திலேயே படித்துக்கொண்டவர் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"சிறுமிகளே, அமருங்கள். இன்று நாம் இலையைக் குறித்து ஆராய்வோம்" என்றார். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தார்கள். சாமி பேசுவது போல இருந்தது அவர்களுக்கு.

போர்டைப் பார்த்தார். நேற்றைய என் இலை இன்னும் இருந்தது, அழிக்க மனசு வரவில்லை. இரண்டு பின்னங்கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை அழிக்கச் சொல்லவில்லை, நல்ல மனுஷி. பக்கத்திலேயே சாக்பீஸை எடுத்துத் தான் ஒரு இலை வரைந்தார். அடடா, அதுதான் இலை. சின்னதாக, உருண்டையாக, அளவெடுத்தது போல. "இஃது யாது?" என்று கேட்டார்.

"ஆட்டுக்குட்டித் தோலு" என்றது வகுப்பு ஒரே குரலில்.

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலில் ஒரு சிரிப்பு வெடித்தது. மாமாவுக்கு அடக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா திரும்பிப் பார்த்தார். கோட்டு, தலைப்பாகை, குடை. பள்ளிக்கூடத்துக் கமிட்டியைச் சேர்ந்த பெரிய மனுஷர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "ஐயா, வெளியில் ஏன் அமர்ந்திருக்கிறீர்கள்? உள்ளே எழுந்தருள வேண்டும்" என்றார். பெரிய டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். வெள்ளைக்கார அம்மாவைத் திருத்துகிற தைரியம் அந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது. மாமாவுக்கோ வாழ்நாளில் யாரும் எழுந்தருளச் சொன்னதில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலி போட்டார்கள். என்னைக் கொண்டுபோக வந்தவர் என் வகுப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இலையின் காம்பைக் காண்பியுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. யாரும் காட்டவில்லை. காட்ட இருந்தால் தானே.

"வெட்டிட்டோம்மா" என்றாள் ஒருத்தி. "அது வாலு."

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து உப்பிலைகளைப் பார்த்தார். சுண்ணாம்பு இலையைப் பார்த்தார். முள் அடித்த பலகையைக் கையில் எடுத்தே பார்த்தார். பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் விளக்கம் சொன்னார்கள், உப்பு எதற்கு, சுண்ணாம்பு எதற்கு என்று. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. கடைசியில் மாமா பக்கம் திரும்பி, "ஐயா, இவர்கள் கூறுவது மெய்தானா?" என்று கேட்டார்.

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்குத்தான் அவர் பிறந்தது போல இருந்தது. "மெய்தாம்மா. இத்தனை வருஷமா இதே தொழிலு எனக்கு. நடுவுல நீட்டிக்கினு இருந்தா வாலுதான். வாலால ஒரு பிரயோஜனமும் இல்ல. வெட்டிப் போட வேண்டியதுதான்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். என் மூட்டையில் என்னென்ன வைக்க வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது முன்பல் இல்லாத பெண் எழுந்து நின்றாள். கையில் ஒரு மைக்கூடு. மைக்கூட்டில் தண்ணீர். அதில் ஒரு பூவரச இலை, காம்போடு, அப்போதுதான் பறித்தது போலப் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது. வகுப்பில் இருந்த ஒரே உருப்படியான இலை அது. இவ்வளவு நேரம் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள்.

"நீ உப்புப் போடலியாடீ?" என்றேன், என்னையும் மீறி.

"எங்கம்மா உப்பு குடுக்க மாட்டேன்னுட்டாங்க டீச்சர். இலைக்கெல்லாம் உப்பான்னு திட்டுனாங்க. அதான் தண்ணியில நிக்க வெச்சேன். நீங்க தோலை உரிப்பீங்கன்னு காட்டல." பிறகு மாமாவைப் பார்த்தாள். "ஆனா இவரு சொல்றது தப்பு."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இன்னா தப்பு?" என்றார்.

"ராத்திரி மைக்கூடு நிறைய தண்ணி ஊத்துனேன். காலையில பாத்தா கொறைஞ்சிருக்குது. இதுதான் குடிச்சிருக்குது. வாலால யாராச்சும் தண்ணி குடிப்பாங்களா?"

"மாட்டாங்க" என்றது வகுப்பு.

"அப்ப இது வாலு இல்ல. வாயும் கழுத்தும் இருக்கற பக்கம் இது. இதை வெட்டுனா எப்டி குடிக்கும்? அதான் அவளுங்க இலையெல்லாம் செத்துப் போச்சு."

மாமா விடவில்லை. "பூனை ஏதாச்சும் குடிச்சிட்டுப் போயிருக்கும்" என்றார்.

"மைக்கூட்டு வாயில பூனைத் தலை நுழையுமா? நுழைச்சுக் காட்டுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாமா மைக்கூட்டை வாங்கினார். தோலைப் பிடிப்பது போலவே இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், திருப்பினார், காம்பை விரலால் நசுக்கிப் பார்த்தார், ஈரம் கசிந்தது. தரம் பிரிக்கிறபோது அவர் பொய் சொல்ல மாட்டார், அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில், "கழுத்துதான்" என்றார், பல்லில்லாத ஒரு பொடிப்பெண்ணிடம்.

இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "காம்பின் தொழில் யாது என்பதைத்தான் நான் வினவ எண்ணினேன். நீ அதனைக் கண்டுகொண்டாய்" என்று அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. காம்பு என்ற பேர் தெரியும், அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. வகுப்போடு சேர்ந்து நானும் மூன்றாம் வகுப்புப் படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இன்ஸ்பெக்டரம்மா மாமாவிடம் திரும்பினார். "ஐயா, இவ்வாசிரியை புதியவர். சித்திரம் வரையும் திறன் இவருக்கு இல்லை. எனினும் சிறுமிகள் அஞ்சாமல் பேசுகிறார்கள். எனக்கு ஐயமாக இருக்கிறது. இவரை நிலையாக நியமிக்கலாமா? தங்கள் அபிப்பிராயம் யாது?"

இதைவிட மோசமான ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. வண்டி வாசலில் நிற்கிறது. மெத்தை போட்டிருக்கிறது. ஒரு வார்த்தை, கழிசல் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பிச்சை கேட்பது போல இருக்கும் என்று போர்டையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா பல்லில்லாத பெண் பக்கம் திரும்பினார். அவள் இலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்தார்.

"படம் சுமார்" என்றார். "கோவம் ஜாஸ்தி. ஆனா வெச்சிக்கங்கம்மா. நல்ல டீச்சரு."

"அவ்விதமே ஆகுக" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அவர் போனதும் பெரிய டீச்சர் என்னிடம் வந்து, "அந்தக் கோட்டு போட்டவர் யாரு?" என்று ரகசியமாகக் கேட்டார்.

சாயங்காலம் மாமா வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "ஏன் மாமா அப்டி சொன்னீங்க?"

அவர் நுகத்தடிக் கயிற்றை இறுக்கினார். இறுக்கினதையே மறுபடியும் இறுக்கினார். "அந்தப் பல்லு போன பொண்ணு என்னை மடக்குச்சே, பாத்தியா?"

"பாத்தேன்."

"எம் பெரியவளுக்கும் அதே வயசுதான். நான் வூட்டுக்குள்ள நுழைஞ்சா கதவுக்குப் பின்னால போய் நின்னுக்குவா. பொறந்ததுலருந்து என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. நான் அதை மரியாதைன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்." வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "திங்கக்கிழமை அவளைக் கொண்டாந்து வுடறேன். உங்கூட இருந்து படிக்கட்டும். உங்க அக்காவுக்கு எங்க சித்தியைக் கூப்ட்டுக்கறேன். வாய் ஜாஸ்தி அவங்களுக்கு, பரவால்ல."

இவரையா இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டினோம் என்று இருந்தது. வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றேன். அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது, அஞ்சு மூக்கில் ஒரு மூக்கைச் சம்பளமில்லாமல் என் தலையில் கட்டிவிட்டுத்தான் மனுஷர் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். முதல் வாரம் வகுப்புக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். இரண்டாம் வாரம் பல்லில்லாதவள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேர் வாயையும் என்னால் மூட முடியவில்லை.

அக்காவுக்குக் குழந்தை பிறந்த சேதியோடு மாமா மறுபடியும் வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் அவருடைய பெரியவள் வாசலுக்கு ஓடினாள். கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா இவ்ளோ நாள் கழிச்சி வர்ற? அம்மா எப்டி இருக்குது? பாப்பா யாரு ஜாடை? ஏன் மாடு நொண்டுது? எனக்கு இன்னா கொண்டாந்த?" என்று அவரை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள். மாமா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "வேர்க்குதும்மா" என்றார். மார்கழி மாதக் காலை அது, பிள்ளைகள் எல்லாம் போர்வையோடு வந்திருந்தார்கள்.